அப்பாயி முறையில் காரிடார் கறிவேப்பிலை

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக் காரிடாரில் கறிவேப்பிலை வைத்தால் தழையவே மாட்டேன் என்கிறது என்று வருத்தப்படுகிறவர்களுக்காக, எங்கள் அப்பாயி செய்ததை அப்படியே எழுதுகிறேன். செடி விஷயத்தில் அவர் பிடித்தால் பிடித்ததுதான், தாத்தா சொன்னால்கூடக் கேட்க மாட்டார்.

கிழக்கோ மேற்கோ பார்த்த காரிடார் என்றால் வெயிலுக்குக் குறையில்லை. நடக்க 1.2 மீட்டர் வழி விடுங்கள், தொட்டியைக் கைப்பிடிச் சுவர்மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள், கீழே ஆள் நடமாட்டம் இருக்கும்.

தேக்கா சந்தையில் வாங்கிய கொத்தின் குச்சியை நட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம், அது வேர் பிடிப்பது அபூர்வம். தெரிந்தவர் வீட்டுச் செடியடியில் கிளம்பும் கன்றை வேரோடு கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் நன்றாகக் கறுத்த பழத்தைப் பிதுக்கி, சதையைக் கழுவி, விதையை உடனே ஊன்றுங்கள், காய்ந்த விதை முளைப்பது கஷ்டம். மண்ணோடு மணலும் மக்கிய உரமும் கலந்தால் போதும். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். அப்பாயி அவ்வப்போது புளித்த மோரை நன்றாக நீர்க்க ஊற்றுவார்.

இனி முக்கியமானது, பறிக்கிற விதம். இலை இலையாக உருவினால் அப்பாயி கையிலேயே ஒன்று போடுவார். நுனியை இரண்டு மூன்று ஈர்க்கோடு சேர்த்து, கணுவுக்குச் சற்று மேலே நகத்தால் கிள்ள வேண்டும், அந்தக் கணுவிலிருந்துதான் பக்கக் கிளை வெடிக்கும், அப்படிக் கிள்ளக் கிள்ளத்தான் செடி ஒற்றைக் குச்சியாக உயராமல் புதராகும். பூமொட்டு வந்தால் அதையும் கிள்ளிவிடுங்கள். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) மீன்குழம்புக்குக் கேட்டால் அப்பாயி தாராளமாகத் தருவார், ஆனால் விளக்கு வைத்த பிறகு யார் வந்து நின்றாலும் "காலையில வா" தான்!

டெங்கிக் கொசு விஷயத்தில் அப்பாயி இன்னும் கண்டிப்பு. தொட்டிக்கடித் தட்டில் தண்ணீர் நிற்கவே கூடாது, இறுகிய மேல்மண்ணிலும் தேங்கும் என்பதால் பழைய கரண்டிக் காம்பால் கிளறிவிடுவார்.

அப்புறம் புழு. இலைமேல் பறவை எச்சம் போல ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள், அது வண்ணத்துப்பூச்சியின் புழு, வளர்ந்ததும் பச்சையாகி இலையோடு இலையாக மறைந்துவிடும். அதைக் கொல்ல அப்பாயி விட்டதே இல்லை, அதற்கென்றே வைத்திருந்த எலுமிச்சைச் செடியில் கொண்டுபோய் விடுவார், அந்த இலையையும் அது தின்னும். செடி முழங்கால் உயரம் வரும்வரை தினமும் இலையைத் திருப்பிப் பாருங்கள், சின்னக் கன்றை மொட்டையாக்க இரண்டு புழு போதும்.