ஹெம்ப் சரக்கின் ஆய்வக அறிக்கையைச் சரிபார்ப்பது எப்படி

அமெரிக்காவில் ஹெம்ப் கம்மி (மென்று தின்னும் மிட்டாய்), பானம், பூ விற்பவர்கள் உறையில் உள்ள ‘0.3 சதவீதத்துக்குள்’ என்ற வரியை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. கஞ்சாவில் போதை தரும் முக்கிய வேதிப்பொருள் டெல்டா-9 டிஎச்சி. உலர் எடையில் அது 0.3 சதவீதத்தைத் தாண்டாத கஞ்சாச் செடியும் அதிலிருந்து எடுக்கும் பொருள்களும் ஹெம்ப் என்றது 2018 வேளாண் சட்டம். வயலில் நிற்கும் செடிக்குச் சரியாக வரும் அளவு அது; தின்பண்டத்துக்கு அல்ல. 0.3 சதவீதம் என்றால் கிராமுக்கு 3 மி.கி.; 4 கிராம் கம்மியில் 12 மி.கி., 355 கிராம் பானத்தில் 1,000 மி.கி.க்கு மேல்! இந்த ஓட்டையை அடைக்கத்தான் பல மாநிலங்கள் மில்லிகிராம் கணக்குக்கு வந்தன. மினசோட்டா 2022இல் உண்ணும் பொருளுக்கு ஒரு வேளைக்கு 5 மி.கி., பொட்டலத்துக்கு 50 மி.கி., வயது 21 என்று வைத்தது. கலிபோர்னியா 2024 செப்டம்பரில் ஹெம்ப் உணவில் டிஎச்சி தென்படவே கூடாது என்றது. ஆகவே சரக்கு எந்த மாநிலத்தில் விற்கப்படுகிறதோ அந்த விதியை முதலில் எடுத்து வையுங்கள்.

அடுத்து அறிக்கை. அதிலுள்ள தொகுதி (பேட்ச்) எண் உறையில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பழைய தொகுதியின் அறிக்கையையே எல்லாவற்றுக்கும் காட்டுவது வழக்கமான தில்லுமுல்லு. ஆய்வகத்துக்கு ஐஎஸ்ஓ 17025 (சோதனை ஆய்வகங்களின் திறனுக்கான சர்வதேசத் தரம்) அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பூவாக இருந்தால் டிஎச்சிஏ (டிஎச்சியின் அமில வடிவம்) அளவை 0.877ஆல் பெருக்கி டெல்டா-9ஐக் கூட்டுங்கள். டெல்டா-9 0.2, டிஎச்சிஏ 20 சதவீதம் என்றால் மொத்தம் 17.74. சூடேறியதும் டிஎச்சிஏ டிஎச்சியாகிவிடும் என்பதால், மொத்த டிஎச்சி கேட்கும் மாநிலத்தில் இது ஹெம்ப் ஆகாது.

டிஎச்சியின் இன்னொரு வகையான டெல்டா-8 கலந்த சரக்கில் கூடுதல் கவனம் தேவை. ஹெம்ப்பில் உள்ள, போதை தராத சிபிடியை அமிலத்தில் மாற்றித்தான் பெரும்பாலும் அதைச் செய்கிறார்கள். அமில, கரைப்பான் எச்சங்கள் தங்கலாம். ஆய்வகக் கருவி தரும் வரைபடத்தில் டெல்டா-8, டெல்டா-9 முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து டெல்டா-9 மறைந்தும் போகலாம். முகடுகள் பிரிந்து தெரியும் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

2025 நவம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம், 2026 நவம்பர் முதல் இறுதிப் பொருளில் ஒரு பொட்டலத்துக்கு அல்லது புட்டிக்கு மொத்தம் 0.4 மி.கி. டிஎச்சிதான் என்று வரம்பு வைத்தது. ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல் இங்கே போதாது. கருவியின் அளவீட்டு எல்லை (அதனால் அளக்க முடிந்த மிகக் குறைந்த அளவு) கிராமுக்கு 0.05 மி.கி., பொட்டலம் 40 கிராம் என்றால், 2 மி.கி. வரை கண்ணில் படாமல் ஒளிந்திருக்கலாம். எல்லையை எடையால் பெருக்கி, வருவது 0.4க்குக் கீழே இருந்தால் மட்டும் அந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுங்கள்.