சாயமேற்றிய சூரிய மின்கலம்: மேல்நிலை வேதியியல் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது எப்படி?

சிலிக்கன் சூரியப் பலகையை வகுப்பில் காட்டினால் மாணவர்கள் அதன் மின்னழுத்தத்தை அளக்கலாம். ஆனால் அதனுள் வேதிவினை எதுவும் நிகழாததால் வேதியியல் ஆசிரியருக்கு அங்கே விளக்குவதற்கு அதிகம் இல்லை. பிரையன் ஓ'ரீகனும் மைக்கேல் கிரெட்செலும் 1991இல் அறிமுகப்படுத்திய சாயமேற்றிய மின்கலத்தில் ஒளி உறிஞ்சல், அணைவுப் பிணைப்பு, ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் ஆகிய அனைத்தும் இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு இடையே நிகழ்கின்றன. ஆகவே பயிற்சிக்கு அதையே தேர்ந்தெடுப்பது நல்லது.

பயிற்சியை உரையுடன் தொடங்க வேண்டாம். ஒவ்வோர் ஆசிரியரும் தம் கையாலேயே ஒரு மின்கலத்தைச் செய்யட்டும். இதற்கான கண்ணாடியில் ஒரு பக்கத்தில் மட்டுமே மின்கடத்தும் பூச்சு இருக்கும்; முதலில் மல்டிமீட்டரால் அந்தப் பக்கத்தைக் கண்டறியச் செய்யுங்கள். தவறான பக்கத்தில் பூசினால் பின்னர் செய்வதெல்லாம் வீண். டைட்டானியம் டை ஆக்சைடு பொடியை நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் குழைத்து, ஓரங்களில் ஒட்டுநாடா ஒட்டிய கண்ணாடியின் மீது கண்ணாடித் தண்டால் மெல்லியதாகப் பரப்பி, நாடாவை அகற்றிவிட்டு, ஏறத்தாழ 450 டிகிரி செல்சியசில் அரை மணி நேரம் சுட்டு, மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் கண்ணாடி விரிசல் விடும்.

சுட்ட படலத்தை ஊறவைக்கும் சாயத்துக்குச் செம்பருத்தி இதழ்ச் சாறோ நாவற்பழச் சாறோ போதும். ஐஐடி ரூர்க்கி ஆய்வாளர்களும் நாவற்பழச் சாயத்தை இவ்வகை மின்கலத்தில் பயன்படுத்தியுள்ளனர். இந்த இடத்தில் சற்று நின்று பேசுங்கள். இச்சாறுகளின் நிறமியான ஆந்தோசயனினில் அடுத்தடுத்து அமைந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் டைட்டானியம் அயனியைப் பற்றிக்கொள்வதால்தான் வெண்படலத்தில் ஏறிய நிறம் கழுவினாலும் போவதில்லை. அணைவு வேதியியல் பாடத்தில் கரும்பலகையில் வரைந்துகாட்டும் பிணைப்பு இங்கே நிறமாகவே கண்ணுக்குத் தெரிகிறது. இதைவிடத் தெளிவான சான்றை நான் வேறெங்கும் காணவில்லை.

எதிர்முனைக் கண்ணாடியின் கடத்தும் பக்கத்தில் பென்சில் கிராஃபைட்டைத் தேய்த்து, இரண்டையும் சற்றே விலகியிருக்குமாறு சேர்த்துக் கிளிப்பிட்டு, எத்திலீன் கிளைக்காலில் கரைத்த அயோடின், பொட்டாசியம் அயோடைடு கலவையை மின்பகுளியாக இடையே சில துளிகள் விடுங்கள். கையுறையும் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் கட்டாயம். எத்திலீன் கிளைக்கால் நச்சுத்தன்மை உடையது.

பிறகு எலக்ட்ரானின் வழியை ஆசிரியர்களே எழுதட்டும்: ஒளியேற்ற சாயம் எலக்ட்ரானை டைட்டானியம் டை ஆக்சைடுக்குத் தருகிறது, அது வெளிச்சுற்று வழியாக எதிர்முனையை அடைந்து ட்ரைஅயோடைடை அயோடைடாக ஒடுக்குகிறது, அந்த அயோடைடு சாயத்துக்கு இழந்த எலக்ட்ரானைத் திருப்பித் தருகிறது. மின் வேதியியல் பாடத்தின் அரைவினைகளை அவர்கள் இதனுடன் இணைத்துக்கொள்வார்கள்.

மின்னழுத்தம் பெரும்பாலும் அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே இருக்கும். சில கலங்களில் எதுவுமே வராது. அவற்றை ஒதுக்கிவிடாமல், கடத்தும் பக்கம் மாறியதா, படலம் உரிந்ததா, மின்பகுளி கசிந்ததா என்று குழுவாகத் தேடவைப்பதே பயிற்சியின் மிக முக்கியமான பகுதி என்பேன். பள்ளியில் மாணவர்கள் முதலில் கேட்பது இக்கேள்விகளைத்தான். சாயமேற்றாத கலத்தையும் சேர்த்து எல்இடி விளக்கொளியிலும் வெயிலிலும் ஒப்பிடச் சொல்லுங்கள். டைட்டானியம் டை ஆக்சைடு புறஊதா ஒளியை மட்டுமே உறிஞ்சுவதால், எல்இடி ஒளியில் சாயமேற்றாத கலம் ஏறத்தாழ எதுவும் தராது.

கடத்தும் கண்ணாடிதான் செலவு மிகுந்த பொருள். பயன்படுத்திய பின் படலத்தைச் சுரண்டிக் கழுவி உலர்த்தினால் அடுத்த வகுப்புக்கும் உதவும் என்பதைப் பயிற்சியிலேயே செய்துகாட்டுங்கள்.