காஷ்மீர் கிரேட் லேக்ஸ் ட்ரெக்: கிளம்புவதற்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

காஷ்மீர் கிரேட் லேக்ஸ் ட்ரெக்கைப் பற்றி எங்கே படித்தாலும் 'நடுத்தரக் கடினம்' என்று போட்டிருக்கும். கயிறு வேண்டாம், பனிக்கோடரி வேண்டாம், பாதையும் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும் என்ற அளவில் அது சரி. ஆனால் அந்த ஒரு வார்த்தையை நம்பி, படங்களில் தெரியும் பச்சைப் புல்வெளியையும் நீல ஏரிகளையும் மட்டும் மனதில் வைத்து, டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். இந்தப் பாதையில் பலர் சிரமப்படுவதற்குக் காரணம் மலையின் கடுமை அல்ல. இந்தப் பாதை எப்படி அமைந்திருக்கிறது என்று வரைபடத்தை வைத்து ஒருமுறைகூடப் பார்க்காமல் போவதுதான்.

சோனாமார்க்கில் தொடங்கி நாரநாகில் முடியும் பாதை இது. எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், நடை மட்டும் ஆறேழு நாள். நிச்நய், கட்சர், ஜஜ் என்று மூன்று கணவாய்களைத் தாண்ட வேண்டும். மூன்றுமே 4,000 மீட்டரை ஒட்டியவை. நடுவில் இருக்கும் கட்சர்தான் மிக உயரம், ஏறத்தாழ 4,200 மீட்டர். ஏரிகள் எல்லாம் இந்தக் கணவாய்களைத் தாண்டித்தான் கிடக்கின்றன. நிச்நயைத் தாண்டினால் விஷன்சர், அதற்குச் சற்று மேலே கிஷன்சர். கட்சரைத் தாண்டினால் கட்சர் ஏரி, பிறகு சத்சர். ஜஜ்ஜைத் தாண்டினால் ஹர்முக் சிகரத்தின் அடியில் நந்த்கோலும் கங்காபலும்.

இதை மெதுவாக ஒருமுறை படித்துப் பார்த்தால் சிக்கல் தெரியும். கட்சர் ஏரிக்கரையில் ராத்திரி ஒருவருக்கு உடம்பு முடியாமல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தால் வரும் நோய்க்கு உடனடி மருந்து கீழே இறங்குவதுதான். ஆனால் அங்கிருந்து கீழே இறங்க எளிதான வழி இல்லை. வந்த வழியே திரும்பினால் 4,200 மீட்டர் கணவாயை மறுபடி ஏற வேண்டும். முன்னே போனால் இன்னொரு 4,000 மீட்டர். வடக்கே இறங்கும் பள்ளத்தாக்கு கிஷன்கங்கா ஆற்றுக்கும் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டிய பகுதிக்கும் போகிறது. நாமாக முடிவு செய்து போகிற வழி அல்ல அது. ஆகவே, போகலாமா திரும்பலாமா என்ற முடிவை எடுக்க வேண்டிய இடம் கட்சர் கணவாய்க்கு முன்னால் இருக்கும் விஷன்சர் முகாம். இதைக் கிளம்புவதற்கு முன்பே குழுவில் எல்லோரும் பேசிவைத்துக்கொள்ள வேண்டும். யாருக்காவது தலைவலி விடாமல் இருந்தால், சாப்பாடு இறங்கவில்லை என்றால், நிச்நயை மறுபடி ஏற வேண்டியிருந்தாலும் விஷன்சரிலிருந்து சோனாமார்க் திரும்ப வேண்டும், கூட யார் வருவது என்பதுவரை. அங்கே நின்றுகொண்டு பேசத் தொடங்கினால், "இவ்வளவு தூரம் வந்துட்டோம்" என்ற ஒரு வாக்கியம் எல்லா நியாயத்தையும் அடித்துவிடும்.

உயரத்தைக் கால்பலமாக நினைப்பது

ஜிம்முக்குப் போகிறேன், மாரத்தான் ஓடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர்கள் நிறைய. உயர நோய் கால்பலத்தைப் பார்த்து வருவதில்லை. 4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ அறுபது சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. அதற்குப் பழக உடம்புக்கு நாள்கள் தேவை. நல்ல உடற்பயிற்சி உள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுகிறார்கள், அதனாலேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு விஷயம் இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். ட்ரெக் தொடங்கும் சோனாமார்க்கே 2,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அதாவது இங்கே எந்த மலையில் ஏறிப் பழகினாலும், அங்கே முதல் நாள் காலையில் நிற்கப்போகும் உயரத்தைக்கூட நாம் தொட்டிருக்க மாட்டோம். வெள்ளியங்கிரி ஏறி இறங்குவது முழங்காலுக்கும் தொடைக்கும் அருமையான பயிற்சி. உயரத்துக்கு அது பயிற்சியே ஆகாது.

மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். இந்த ட்ரெக்கில் முதல் நாளே சோனாமார்க்கிலிருந்து சுமார் 3,500 மீட்டரில் இருக்கும் நிச்நய் முகாமுக்குப் போகிறோம். சென்னையில் காலை விமானம், மாலை சோனாமார்க், மறுநாள் நிச்நய் என்று திட்டம் போட்டால், கடல் மட்டத்திலிருந்து ஒன்றரை நாளில் 3,500 மீட்டர். எனக்கு இதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரியதாகப் படுகிறது. சரிசெய்வதும் எளிது. சோனாமார்க்கில் ஒரு இரவு கூடுதலாகத் தங்கிப் பகலில் சுற்றியிருக்கும் மேடுகளில் ஏறி இறங்குங்கள். விஷன்சரில் இரண்டு இரவு தங்கும் திட்டமாகப் பார்த்து எடுங்கள். நடுவில் கிடைக்கும் நாளில் கிஷன்சர் வரை போய்த் திரும்பலாம். உயரே போய்த் தாழ வந்து தூங்குவதுதான் உடம்பைப் பழக்கும் வழி. ஒரு நாள் மிச்சம், கொஞ்சம் பணம் மிச்சம் என்று அந்த ஓய்வு நாளை வெட்டிய திட்டங்களும் விற்கப்படுகின்றன. அவற்றை எடுக்காதீர்கள்.

உயர நோயைத் தடுக்கப் போடும் டயாமாக்ஸ் மாத்திரையைப் பற்றி இரண்டு விதமான தவறான எண்ணம் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால் எவ்வளவு வேகமாகவும் ஏறலாம் என்பது ஒன்று. அது நோயை மறைத்துவிடும், தொடவே கூடாது என்பது இன்னொன்று. இரண்டும் சரியில்லை. அது மூச்சைச் சற்றுத் தூண்டி, உடம்பு உயரத்துக்குப் பழகுவதை விரைவுபடுத்துகிறது. பழக்கும் வேலையில் உதவுமே தவிர, அதற்கு மாற்று ஆகாது. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எல்லாம் இருப்பதால் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்து, அளவு கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விரல்நுனி கூசும், சிறுநீர் அடிக்கடி வரும். இது முன்பே தெரிந்திருந்தால் டென்டில் பயந்துபோக வேண்டியதில்லை. தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரை போடுவதும், குளிருக்கு என்று மது குடிப்பதும் மூச்சை இன்னும் மந்தமாக்கும். இரண்டும் வேண்டாம்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் பார்ப்பதும் பழக்கமாகிவிட்டது. குளிர்ந்த விரலில் அது தப்பாகக் காட்டும். எண் நன்றாக இருக்கிறது என்று ஆளை விட்டுவிடக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, இருமல் கூடிக்கொண்டே போகிறதா என்று பார்க்க வேண்டும். அது நுரையீரலில் நீர் கோக்கும் அறிகுறி. ஒரு காலின் விரல்நுனியை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறாரா, பேச்சு குழறுகிறதா? அது மூளை வீக்கத்தின் அறிகுறி. இந்த இரண்டில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தாழ்வான இடத்துக்கு இறங்கத் தொடங்க வேண்டும். அதனால்தான் கைடிடம் பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு: ஆக்சிஜன் சிலிண்டர் எடுத்து வருகிறீர்களா, நடக்க முடியாதவரைக் கொண்டுவரக் குதிரை கூடவே இருக்குமா, சாட்டிலைட் போன் உண்டா? பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

தேதியும் டிக்கெட்டும்

பருவம் ஜூலை தொடக்கத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. ஜூலை முதல் வாரத்தில் நிச்நய் பக்கம் பனி கிடக்கும், ஏரிகளில் பனிப்பாளங்கள் மிதக்கலாம். பூக்களுக்காகப் போகிறவர்கள் ஜூலைக் கடைசியையும் ஆகஸ்டையும் பார்க்க வேண்டும். செப்டம்பரில் வானம் தெளிவு, புல் பொன்னிறமாக மாறியிருக்கும், இரவுகள் கடுமையாகக் குளிரும். சத்சர் ஏரிகளில் சில அதற்குள் வற்றியும் போயிருக்கும். எல்லாம் ஒரே வாரத்தில் கிடைக்காது. எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

பீர் பஞ்சால் மலைத்தொடர் பருவமழையைப் பெருமளவு தடுத்துவிடுவதால், உத்தராகண்டில் கொட்டும் மாதங்களில் இங்கே நடக்க முடிகிறது. இதைக் கேட்டுவிட்டு மழையே வராது என்று ரெயின்கோட்டை வீட்டில் வைத்துவிடுகிறார்கள். மழை வரும். சில சமயம் இரண்டு நாள் தொடர்ந்து வரும். 2014 செப்டம்பரில் காஷ்மீரையே மூழ்கடித்த வெள்ளம் வந்தது இந்த 'தெளிவான' மாதத்தில்தான்.

அதனால் திட்டத்தில் ஒரு நாளாவது சும்மா இருக்கட்டும். கணவாய் ஏறும் நாளில் மழை பிடித்தால் முகாமிலேயே இருந்துவிட அந்த நாள் உதவும். திரும்பும் விமானம் நாளைக் காலை என்று இருந்தால், வழுக்கும் சரிவில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிடும். கட்சர் கணவாயின் மறுபக்க இறக்கம் செங்குத்தானது, நனைந்திருந்தால் இன்னும் மோசம்.

இன்னொன்று, இது எல்லைக்கு அருகிலான பகுதி. வழியில் ராணுவ முகாம்கள் உண்டு, அடையாள அட்டையைப் பார்ப்பார்கள். அசல் அட்டை கையில் இருக்கட்டும். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரில் பல சுற்றுலா இடங்களை அரசு மூடியது. பாதை அந்த ஆண்டு, அந்த மாதம் திறந்திருக்கிறதா என்பதைச் சுற்றுலாத் துறையிடமும் உள்ளூர் ஏற்பாட்டாளரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே, பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டாகப் போடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் அமர்நாத் யாத்திரை பால்டால் வழியாகப் போகும் சாலையும் இதே சோனாமார்க் சாலைதான். வாகனங்களை நேரம் பார்த்துத்தான் விடுவார்கள். ஸ்ரீநகரிலிருந்து எண்பது கிலோமீட்டர்தானே என்று மதியம் கிளம்பக் கூடாது.

வெளிமாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். பாதையில் அதுவும் எடுக்காது. ஆறு நாள் போன் வராது என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் அங்கே நிம்மதியாக நடப்பீர்கள், இங்கே அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும்.

பயிற்சியும் பையும்

மூன்று மாதப் பயிற்சி போதும். ஆனால் டிரெட்மில்லில் சமதளமாக ஓடுவது அல்ல. ஆறேழு கிலோ பையை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டும், அதைவிட முக்கியமாக இறங்க வேண்டும். கடைசி நாளில் கங்காபலிலிருந்து நாரநாகுக்கு ஒரே இறக்கமாக 1,300 மீட்டர் இறங்குகிறோம். ஏறும் பயிற்சி மட்டும் எடுத்தவர்களுக்கு முழங்கால் அங்கேதான் தகராறு செய்யும். இரண்டு கைத்தடிகள் மிகவும் உதவும். (இதே காரணத்தால் பாதையைத் தலைகீழாக நாரநாகிலிருந்து தொடங்குவதும் நல்ல யோசனை அல்ல. முதல் நாளே அந்த 1,300 மீட்டரையும் ஏறி, பழகாத உடம்போடு 3,500 மீட்டரில் தூங்க வேண்டியிருக்கும்.)

புது ஷூவோடு வராதீர்கள். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பெரிய பையைக் குதிரையில் ஏற்றிவிட்டு வெறுங்கையோடு நடப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: குதிரைகள் நம்மோடு வருவதில்லை, முன்னே போய்விடும் அல்லது பின்னே வரும். கணவாயில் ஆலங்கட்டி மழை அடிக்கும்போது உங்கள் ஜாக்கெட் இரண்டு மணிநேரத் தூரத்தில் இருக்கும். ரெயின்கோட், ஒரு சூடான மேலுடை, தண்ணீர், கொறிக்க ஏதாவது, டார்ச், சொந்த மருந்துகள் எல்லாம் எப்போதும் முதுகில் இருக்க வேண்டும்.

தெளிந்த ஓடை என்பதற்காக அப்படியே குடிக்கக் கூடாது. அதற்கு மேலே பக்கர்வால்கள் என்ற நாடோடி மேய்ப்பர்களின் நூற்றுக்கணக்கான ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். கொதிக்க வைத்துக் குடியுங்கள், அல்லது ஃபில்டர் பயன்படுத்துங்கள். குளோரின் மாத்திரை குளிர்ந்த நீரில் மெதுவாகத்தான் வேலை செய்யும், கூடுதல் நேரம் கொடுங்கள். பனி உருகி வரும் ஓடைகளில் மதியத்துக்கு மேல் நீர் கூடும், ஆகவே கடக்க வேண்டியதைக் காலையிலேயே கடந்துவிடுவது நல்லது.

பக்கர்வால்களின் நாய்கள் மந்தையைக் காக்க வளர்க்கப்பட்டவை. படம் எடுக்க டேராவை நோக்கி நேராக நடக்காமல், தூரத்திலிருந்தே குரல் கொடுத்து ஆள் வந்த பிறகு போங்கள். ஏரியில் சோப்பு போட்டுக் குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் செய்யவே கூடாத காரியம். விஷன்சரிலும் கங்காபலிலும் டிரவுட் மீன்கள் வாழ்கின்றன. கங்காபல் காஷ்மீரி பண்டிதர்களுக்குப் புனித ஏரி, முன்னோருக்குக் கடன் கழிக்க அவர்கள் யாத்திரை வரும் இடம். அந்தத் தண்ணீரைத்தான் கீழே நாரநாகிலும் அதற்கப்பாலும் மக்கள் குடிக்கிறார்கள். மலம் கழிக்கும் குழி தண்ணீரிலிருந்து குறைந்தது அறுபது மீட்டர் தள்ளி இருக்கட்டும். ஈரத் துடைப்பான்களையும் நாப்கின்களையும் புதைக்காமல் ஒரு பையில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். அவை மக்காது.

நாரநாகில் இறங்கிய அன்று மாலையே விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள். கால் தளர்ந்து மெதுவாக வருகிறவர் குழுவில் ஒருவராவது இருப்பார், அவரை விரட்டக் கூடாது. ஸ்ரீநகருக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர் சாலை இருக்கிறது. அவசரம் இல்லாமல் வந்தால், சாலையோரத்திலேயே இருக்கும் எட்டாம் நூற்றாண்டுக் கோயில் இடிபாடுகளை நின்று பார்க்கவும் நேரம் இருக்கும்.