தீபாவளிக்கு முதலில் வெளியே வர வேண்டியது வாளி

எங்கள் வீட்டில் தீபாவளிக்குக் காயம் பட்ட ஒரே ஆள் நான்தான். அணுகுண்டும் இல்லை, ராக்கெட்டும் இல்லை. யாரோ எரித்து முடித்துத் தரையில் போட்ட கம்பி மத்தாப்பை இருட்டில் வெறுங்காலோடு மிதித்தேன். மத்தாப்பு எரியும்போது சூடு 1000 டிகிரி செல்சியஸைத் தொடும். சிவப்பு மறைந்த பிறகும் கம்பி சுட்டுக்கொண்டேதான் இருக்கும், பார்த்தால் தெரியாது. அன்றிலிருந்து பட்டாசுப் பெட்டிக்கு முன்னால் வாளி வெளியே வந்துவிடும். முதன்முதலாகப் பிள்ளைகளோடு தீபாவளி கொண்டாடப் போகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பலகாரம் சுடும் நாள்

வாணலியில் பாதி அளவு எண்ணெய் போதும். முறுக்கு போட்டதும் நுரைத்துப் பொங்கும். எண்ணெய் புகைய ஆரம்பித்தால் உடனே அடுப்பை அணையுங்கள், அடுத்து தீதான். வாணலியை முழுசாக மூடுகிற தட்டு ஒன்று கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். தீப்பிடித்தால் கேஸை அணைத்து, தட்டை உங்கள் பக்கத்திலிருந்து மெல்ல நகர்த்தி மூடுங்கள். எண்ணெய் ஆறும் வரை திறக்காதீர்கள். தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது. அது எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயை மேலே வாரி இறைத்துவிடும். வாணலியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடுவதும் அதே அளவு ஆபத்து.

கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

படி 2: வாசலைத் தயார் செய்தல்

ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். மத்தாப்புக் கம்பி எரிந்ததும் நேராகத் தண்ணீருக்குள். 'சொய்ங்' என்ற சத்தம் கேட்பதற்காகவே பிள்ளைகள் ஓடி வந்து போடுவார்கள், நாம் கத்த வேண்டியதே இல்லை.

மாடியில் காய்கிற துணியை எடுங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், பைக்கைத் தள்ளி நிறுத்துங்கள். பட்டாசுப் பெட்டி வீட்டுக்குள் இருக்கட்டும், அப்போதைக்கு வேண்டியது மட்டும் வெளியே. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 வரைதான் நேரம் என்பதால், இதையெல்லாம் மாலை ஆறரைக்குள் முடித்துவிடுவது நல்லது.

படி 3: உடை

இதில்தான் எங்கள் வீட்டில் வருஷா வருஷம் சண்டை. புதுத்துணியோடுதான் வெடிப்பேன் என்பாள் மகள். பட்டுப் பாவாடை என்று விற்பதில் பாதி பாலியெஸ்டர். பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். போட்டோ எடுத்து முடித்ததும் பருத்திச் சட்டைக்கு மாற்றிவிடுங்கள். காலுக்கு ஷூ. கையில் சானிடைசர் வேண்டாம், அது ஆல்கஹால்.

படி 4: கொளுத்துதல்

நீள ஊதுபத்தி, நீட்டிய கை, முகம் பின்னால். புஸ்வாணத்தின் மேல் குனியாதீர்கள், சில சமயம் அதுவே வெடித்துவிடும். சிரட்டை, டப்பா கவிழ்த்து வெடிப்பது வேண்டவே வேண்டாம். திரி அணைந்துபோனதை மறுபடி பற்ற வைக்கப் போகாதீர்கள். நன்றாகக் காத்திருந்து, தள்ளி நின்று தண்ணீர் ஊற்றுங்கள்.

படி 5: சுட்டுவிட்டால்

துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, படுத்து உருள வேண்டும். புண்ணைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பிள்ளை அழும், கை வலிக்கும், ஐந்து நிமிடத்திலேயே போதும் என்று தோன்றும். விடாதீர்கள். வீங்குவதற்குள் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். ஐஸ், டூத்பேஸ்ட், இங்க் எதுவும் வேண்டாம், சுத்தமான துணியால் தளர்வாக மூடினால் போதும். முகம், கை, கொப்புளம் என்றால் ஆஸ்பத்திரி. கண்ணில் பட்டால் தேய்க்காமல், அழுத்தாமல் ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்துப் பிடித்தபடி கிளம்புங்கள். ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101.

படி 6: மறுநாள் காலை

குப்பையில் வெடிக்காததைப் பொறுக்கி, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்துகிற கூட்டம் எல்லாத் தெருவிலும் உண்டு. ஒருகாலத்தில் அதில் நானும் இருந்தேன். அவர்கள் எழுந்திருப்பதற்குள் குப்பை மேல் இரண்டு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டுப் பெருக்குங்கள்.