பைத்தானில் ஒரு படிக மரம் வளர்ப்பது எப்படி

உருகிய உலோகம் உறையும்போது படிகம் உருண்டையாக வளராது, கிளை விட்டு, கிளையிலிருந்து சிறு கிளை விட்டு மரம் மாதிரி வளரும். பெயர் டென்ட்ரைட். இதைக் கணினியில் வரவழைத்துப் பார்க்க ரியோ கோபயாஷி 1993-ல் வெளியிட்ட ஃபேஸ் ஃபீல்டு மாடலில் ஆரம்பிப்பதுதான் சுலபம், நூறு வரிக்குள் அடங்கிவிடும்.

திடம் எங்கே முடிகிறது, திரவம் எங்கே தொடங்குகிறது என்று எல்லைக்கோட்டைத் துரத்த வேண்டாம். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண் வையுங்கள். ஒன்று ஃபை: 0 என்றால் திரவம், 1 என்றால் திடம், இடைப்பட்டது எல்லை. இன்னொன்று வெப்பநிலை: உருகுநிலை 1, குளிர்ந்துபோயும் உறையாமல் இருக்கும் திரவம் 0. பலகை 300×300, கட்ட இடைவெளி 0.03, நேர ஸ்டெப் 0.0001, டௌ 0.0003, எல்லையின் தடிமனைத் தீர்மானிக்கும் எப்சிலான் 0.01, ஆல்ஃபா 0.9, காமா 10. நடுவில் ஐந்தாறு கட்டத்துக்கு ஃபையை 1 ஆக்கினால் அதுதான் விதை.

ஒவ்வொரு ஸ்டெப்பிலும் முதலில் எம், அதாவது உறையத் தூண்டும் விசை: ஆல்ஃபாவை பையால் (3.14159, மேலே சொன்ன ஃபை அல்ல) வகுத்து, காமா × (1 − வெப்பநிலை) என்பதன் ஆர்க்டேனால் பெருக்குங்கள். டௌ × ஃபை மாறும் வேகம் = பரவல் + ஃபை × (1 − ஃபை) × (ஃபை − 0.5 + எம்). பரவல் என்பது எப்சிலானின் வர்க்கம் × ஃபையின் லாப்ளாசியன் (அக்கம்பக்கக் கட்டங்களோடு உள்ள வித்தியாசம்). இதில் எப்சிலானை நிலையான எண்ணாக விட்டால் கிளைக்குத் திசை இருக்காது. அதனால் அதை 1 + டெல்டா × காஸ்(6 × கோணம்) என்பதால் பெருக்க வேண்டும், டெல்டா 0.02. எப்சிலான் கோணத்தோடு மாறுவதால் அதன் வகைக்கெழு வரும் இரண்டு உறுப்புகள் கூடுதலாகச் சேரும், சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். கோணம் என்பது அந்த இடத்தில் எல்லை பார்க்கும் திசை, ஃபையின் சரிவிலிருந்து கிடைக்கும். அதற்கு ஏடேன்2 (arctan2) போடுங்கள், வெறும் வகுத்தல் என்றால் பூஜ்யத்தில் மாட்டும். டெல்டா 1/35-ஐத் தாண்டக் கூடாது, நான்கு கிளை வேண்டுமென்றால் 1/15 வரை போகலாம்.

அப்புறம் வெப்பம். சாதாரண வெப்பப் பரவலோடு, அந்த ஸ்டெப்பில் ஃபை எவ்வளவு கூடியதோ அதை கே-யால் (1.8 வையுங்கள்) பெருக்கிக் கூட்டுங்கள். உறையும்போது வெளிவரும் உள்ளுறை வெப்பம் இதுதான். நான் முதல்முறை எழுதியபோது மரமே வரவில்லை, மழுங்கிய அறுகோணம் ஒன்று ஊதிக்கொண்டே போய்ப் பெட்டியை நிரப்பியது. ஒரு மாலை முழுக்க எப்சிலானையே நோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் பழைய ஃபையைக் காப்பி போடாமல் அதே அர்ரேக்கு இன்னொரு பெயர் வைத்திருக்கிறேன்! புதியது கழித்தல் பழையது எப்போதும் பூஜ்யம், வெப்பமே வெளிவரவில்லை. ஆனால் கிளை ஏன் வருகிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது: எங்காவது ஒரு புடைப்பு குளிர்ந்த திரவத்துக்குள் கொஞ்சம் துருத்தினால் அதன் வெப்பம் சுலபமாக வெளியேறும், அது இன்னும் வேகமாக வளரும், பள்ளத்தில் வெப்பம் தேங்கும். முலின்ஸ், செகெர்கா என்ற இரு ஆய்வாளர்களும் 1960-களில் கணக்குப் போட்டுக் காட்டியது இதைத்தான்.

இந்தத் தவறைப் பிடிக்க ஒரே வரி போதும். ஓரம் வழியாக வெப்பம் வெளியேறாதபடி வைத்து, வெப்பநிலை − கே × ஃபை என்பதைப் பலகை முழுக்கக் கூட்டி நூறு ஸ்டெப்புக்கு ஒருமுறை அச்சிடுங்கள். மாறவே கூடாது. இந்தக் கணக்குப்படி கே 1.8 என்றால் சுமார் 55% உறைந்ததும் மீதித் திரவம் உருகுநிலைக்கு வந்து வளர்ச்சி நின்றுவிடும். 0.8 வைத்தால் முழுக்க உறையும், மரம் குண்டாக இருக்கும்.

4000 ஸ்டெப் ஓடவிட்டால் நல்ல கிளைகள் தெரியும். பக்கக் கிளை போதவில்லையா, ஃபை × (1 − ஃபை)-யோடு 0.01 அளவில் ராண்டம் எண்ணைப் பெருக்கிச் சேருங்கள்.

படம் அழகாக வந்ததும் நம்பிவிடாதீர்கள். எல்லையின் தடிமன் இங்கே இரண்டு கட்டம்தான், சதுரப் பலகையின் திசையே வளர்ச்சியில் புகுந்துவிடும். ராண்டம் எண்ணை நிறுத்திவிட்டு ஆறு கிளையையும் அளந்து பாருங்கள், கிடைமட்டக் கிளைகள் மட்டும் மற்றவற்றிலிருந்து வேறுபட்டால் குற்றவாளி பலகைதான். இடைவெளியை 0.02 ஆக்குங்கள், ஆனால் நேர ஸ்டெப்பையும் 0.00005-க்கு இறக்க வேண்டும், ஏனென்றால் அது இடைவெளியின் வர்க்கத்தில் கால் பங்கைத் தாண்டினால் எண்கள் வெடித்துத் திரையெல்லாம் ‘நேன்’ (NaN, ‘எண்ணே இல்லை’) ஆகிவிடும்.