மரவள்ளி, நார், எண்ணெய்: உக்கும் படலம் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 செப்டெம்பரில் 20 மைக்ரோனிலும் மெல்லிய பொலித்தீனும் சோறு பொதியும் லஞ்ச் சீற்றும் இலங்கையில் தடைசெய்யப்பட்ட பின்னர், மரவள்ளி மாப்பொருளையும் வாழை நாரையும் கொண்டு உக்கக்கூடிய பொதிப் படலம் செய்ய யாழ்ப்பாணத்திலும் பலர் முன்வருகின்றனர். ஆரம்பத்தில் நாங்கள் செய்த தவறுகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்ததால் இதனை எழுதுகிறேன். மாப்பொருளை நீரில் காய்ச்சிய கூழில் நாரைக் கலந்து, தட்டில் ஊற்றிக் காயவைத்து உரிப்பதே இப்படலம். கூழ் அடிப்பிடிப்பது, தட்டு சரிந்திருப்பது, காற்றுக் குமிழி நிற்பது போன்றவை ஒரே நாளில் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிணற்று நீரில் இறுதிக் கழுவல்

வாழை நாரையோ பனந்தும்பையோ 5 வீதக் கொஸ்டிக் சோடாக் கரைசலில் அவித்தால் நாரை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினில் ஒரு பகுதியும் பிசினும் கரைந்து, பெரும்பாலும் செலுலோசு எஞ்சும். இதுவரை எல்லாரும் சரியாகவே செய்கின்றனர். அதன்பின் அந்த நாரைக் கிணற்று நீரில் அலசுவதில்தான் வேலை கெடுகிறது. குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்திருப்பதால் நம் கிணறுகள் பெரும்பாலானவற்றின் நீர் வன்னீராகும். கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு, காரம் ஊறிய நாரிலும் படிகிறது. அது நாருக்கும் மாப்பொருளுக்கும் இடையிலான பிணைப்பைத் தடுப்பதால், படலத்தை இழுக்கும்போது அந்த வெள்ளைப் புள்ளிகளிலிருந்தே கிழிசல் தொடங்கும். கழுவாமல் எஞ்சிய காரமோ, பிற்பாடு சேர்க்கும் எண்ணெயைச் சவர்க்காரமாக்கிவிடும். முதற் கழுவல்களுக்குக் கிணற்று நீர் போதும். அடுத்து நீர்த்த வினாகிரியில் ஒருமுறை அலசி, மாரியில் சேமித்த மழைநீரால் லிட்மஸ் தாள் நிறம் மாறாத நிலை வரும்வரை கழுவுங்கள்.

அலுமினியச் சட்டியில் கொஸ்டிக் சோடா

வேண்டாம். சட்டி கரையும், தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயு வெளிவரும், எவர்சில்வரில் அவியுங்கள்.

உரித்த நாளிலேயே தீர்ப்புச் சொல்லுதல்

இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. எத்தனை தடவை சொன்னாலும் எவரும் கேட்பதில்லை என்ற எரிச்சலும் எனக்கு உண்டு. தட்டிலிருந்து உரித்த படலத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, இரண்டு தரம் மடித்து, "பொலித்தீன் மாதிரியே இருக்கிறது" என்று மகிழ்ந்து, அன்றைய அளவுகளையே கொப்பியில் இறுதிச் செய்முறையாக எழுதிவிடுகின்றனர்.

100 மில்லிலீற்றர் நீருக்கு 4 கிராம் மரவள்ளி மாப்பொருள், அதன் எடையில் 30 வீதம் கிளிசரின், 5 வீதம் நுண்ணிய நார் என்பது நான் கற்பிக்கும் தொடக்க அளவு. இதில் படலத்துக்கு நெகிழ்வு தருவது கிளிசரின் மட்டுமன்று. காற்றிலிருந்து படலம் உறிஞ்சும் நீரும் அதே வேலையைச் செய்கிறது, கிளிசரின் கூடக்கூட உறிஞ்சும் நீரும் கூடுகிறது. ஆகவே ஒரே செய்முறை, சோளகக் காற்று வீசும் ஆடியில் ஒரு பொருளாகவும் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறொரு பொருளாகவும் நடந்துகொள்ளும்.

தென்மராட்சியில் ஒரு பெண்கள் குழு கோடையில் இத்தொழிலைத் தொடங்கியது. முதற்படலம் மொறுமொறுவென்று முறிந்ததால் கிளிசரினைச் சிறிது சிறிதாகக் கூட்டி 45 வீதம் வரை கொண்டுபோயினர். படலம் பட்டுப்போல் வழுவழுப்பாக வந்தது. பனங்கட்டி பொதிவதற்கென்று ஒரு கடைக்காரர் பெருந்தொகையாகக் கேட்க, இரவு பகலாகச் செய்து, அடுக்கிக் கட்டிக் கொடுத்தனர். மழை தொடங்கியதும் தாள்கள் வியர்த்து ஒன்றோடொன்று ஒட்டின; பிரித்தால் கிழிந்தன; பொதிந்த பனங்கட்டியும் தானே ஈரம் இழுக்கும் பொருள் என்பதால் இரண்டும் சேர்ந்து கசிந்தன. கடைக்காரர் பணம் தரவில்லை. கட்டு முழுவதையும் எருக்கிடங்கில் கொட்டினர். உக்கும் என்ற வாக்குறுதியை மட்டும் அப்படலம் குறையின்றி நிறைவேற்றியது. அதைக் கேட்டு அஞ்சிய இன்னொருவர் மாரியில் கிளிசரினைக் குறைத்துச் செய்தார்; அவருடைய கட்டு அடுத்த கோடையில் அப்பளமாக நொறுங்கியது.

ஈரப்பதன் மாறாவிட்டாலும் காலம் சும்மா இருப்பதில்லை. அவித்தபோது குலைந்த மாப்பொருட் சங்கிலிகள் நாட்கள் செல்லச்செல்ல மீண்டும் நெருங்கி ஒழுங்குபடுவதால் படலம் இறுகும். பழஞ்சோறு விறைப்பதற்குக் காரணமும் இதுவே. கிளிசரின் மிகுந்தால் அதில் ஒரு பகுதி மேற்பரப்புக்குக் கசிந்து வரும்.

இதற்கான சோதனைக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. காற்றுப்புகாத மூடியுள்ள இரண்டு பெட்டிகளை எடுங்கள். ஒன்றின் அடியில் உப்பை, கரையாத மணிகள் எஞ்சும்படி சிறிது நீரில் குழைத்து வையுங்கள். உள்ளே ஈரப்பதன் 75 வீதமளவில் நிற்கும். மற்றதில் மகனீசியம் குளோரைட்டை அவ்வாறே வைத்தால் 33 வீதமளவில் நிற்கும். (ஆனையிறவுக் கல்லுப்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும், கழுவாத உப்பில் மகனீசியம் கலந்திருந்தால் ஈரப்பதன் 75க்குக் கீழே இறங்கும், சுத்தமான மேசை உப்பே நல்லது.) நிறுத்த படலத் துண்டுகளை உப்பில் படாமல் தொங்கவிட்டு, இரண்டு வாரம் கழித்து மீண்டும் நிறுத்து, மடித்து, இழுத்துப் பாருங்கள். சில துண்டுகளை அடுக்கி, மேலே பாரம் வைத்து, ஒட்டுகின்றனவா என்றும் பாருங்கள். இரு பெட்டியிலும் தாக்குப்பிடிக்கும் அளவே செய்முறை. அதற்கு முன் எவரிடமும் முற்பணம் வாங்காதீர்கள்.

எண்ணெயைக் கூட்டினால் நீர் புகாது என்ற நம்பிக்கை

எண்ணெய் நீராவி ஊடுருவுவதைக் குறைக்கும். ஆனால் அது மாப்பொருளோடு பிணையாமல் துளிகளாக நிற்பதால் ஒவ்வொரு துளியும் படலத்தில் ஒரு பலவீனமான இடமாகும். மாப்பொருளின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் வலு குறைந்து கை பிசுபிசுப்பதையே நான் கண்டிருக்கிறேன். அந்த அளவைக்கூடக் கரண்டியால் கலக்கிப் பயனில்லை. எண்ணெயையும் நீரையும் கலந்து நிற்கச் செய்யும் லெசிதினை, எண்ணெயின் பத்தில் ஒரு பங்கு அளவில் சேர்த்து, சூடான கூழோடு பிளெண்டரில் நன்றாக அடித்தால்தான் துளிகள் நுண்மையாகும்.

மெல்லிய படலத்தில் எண்ணெய்க்குக் காற்றுப்படும் பரப்பு அதிகம் என்பதால் சூரியகாந்தி எண்ணெய் விரைவில் காறல் மணம் வீசும். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் கூடுதலாகத் தாங்கும். நீராவியைத் தடுப்பதுதான் நோக்கமென்றால் திரவ எண்ணெயை விடத் தேன்மெழுகு சிறந்தது. அது 62 பாகை செல்சியசுக்கு மேலேயே உருகும் என்பதால் கூழ் ஆறுமுன் சேர்க்க வேண்டும். எதைச் சேர்த்தாலும் மாப்பொருட் படலம் நீரில் ஊறும். சொதி கட்டிக் கொடுக்க இது உதவாது.

கறுவா எண்ணெயைக் கொதிக்கும் கூழில் ஊற்றுதல்

மணம் உங்கள் குசினியில் நிற்கும், படலத்தில் நிற்காது. 50 பாகைக்குக் கீழ் ஆறிய பின் சேருங்கள். பூஞ்சணத்தை அடக்கும் பொருள் பட்டை எண்ணெயில் சின்னமல்டிகைட்டாகவும் இலை எண்ணெயில், கராம்பில் உள்ளதுபோல, யூஜினோலாகவும் இருப்பதால், போத்தலில் இருப்பது எது என்பதை வாசித்துவிட்டு அளவைத் தீர்மானியுங்கள்.

கோடை மண்ணில் புதைத்துப் பார்த்தல்

உக்குகிறதா என்று அறியப் புதைக்கும் பலர், வைகாசியில் காய்ந்த செம்மண்ணில் புதைத்துவிட்டு, படலம் அப்படியே கிடப்பதைக் கண்டு மனம் தளர்கின்றனர். நுண்ணங்கிகளுக்கு ஈரம் வேண்டும். எரு கலந்த மண்ணில் கைவிரல் ஆழத்தில், வலைப்பையில் இட்டுப் புதைத்து, தோட்டத்துக்கு இறைக்கும்போது அதற்கும் நீர் விடுங்கள். பக்கத்தில் அதே அளவான கடதாசித் துண்டொன்றையும் புதைத்து வையுங்கள். கடதாசியும் உக்காமல் இருந்தால் குறை மண்ணில்தான், படலத்தில் அன்று.