கேம்பாய் கார்ட்ரிட்ஜ் மறுபடி ஓடியது

நின்டெண்டோவின் பழைய கையடக்க வீடியோ கேம் கருவியான கேம்பாயில், கேம் இருக்கும் கார்ட்ரிட்ஜைச் செருகினால் நின்டெண்டோ லோகோ வரவேண்டிய இடத்தில் வெறும் கறுப்புப் பட்டைதான் இறங்கியது. வாயால் ஊதவில்லை, எச்சில் ஈரம் பட்டால் கார்ட்ரிட்ஜின் பின்கள் (கருவியோடு தொடும் உலோகப் பட்டைகள்) நாளடைவில் அரித்துவிடும். இந்த வகைத் திருகுக்கென்றே உள்ள 3.8 மி.மீ. கேம்பிட் திருப்புளியால் கார்ட்ரிட்ஜைத் திறந்தேன். 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, பின்களின் நீளவாக்கிலேயே தேய்த்தேன். முதல் குச்சி கரியாகக் கறுத்தது. பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை விடவில்லை. உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம், தங்கமுலாம் போய்விடும். நன்றாகக் காயவிட்டுச் செருகினேன், லோகோ பளிச்சென்று வந்தது. அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம், சேமிக்கும் வசதியுள்ள பல கார்ட்ரிட்ஜ்களில் ஆட்டத்தைக் காப்பது உள்ளே பற்றவைத்திருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரிதான். கழற்றினால் சேமித்ததெல்லாம் அழிந்துவிடும். என்னுடையதில் இன்னும் சார்ஜ் இருந்ததால் அதைத் தொடவில்லை.